இன்ஜீலின் உரையாசிரியர்களும் நம்மவர் வாசிப்பும்

"கிறித்தவ அறிஞர்களே இதனை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்னும் வாக்கியம் நம் மேடைகளிலும் சிறு வெளியீடுகளிலும் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. அதைக் கேட்டவுடன் அவையில் ஒரு மனநிறைவு பரவுவதையும் காண்கிறோம். ஆயின் அந்த அறிஞர் யார், எந்த நூலில் எழுதினார், ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் அந்த வரிக்கு முன்னும் பின்னும் என்ன கூறினார் என்னும் மூன்று வினாக்களை நம்மில் எத்தனை பேர் எழுப்புகிறோம்? எழுப்பாமல் விடுவதால் நேரும் இழப்பு பிறருக்கன்று, நமக்கே. பிறர் வேதத்தை அவர்களுடைய ஆய்வுரைகளின் துணைகொண்டு பயில்வது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் சற்று ஆராய்வோம். அதற்கு நம் முன்னோர் இருவர் விட்டுச்சென்ற நூல்களையே உரைகல்லாகக் கொள்வோம்.

முதலில், இத்தகைய பயிற்சி நமக்கு ஆகுமா என்னும் தயக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அத்தயக்கம் காரணமற்றதன்று. உமர் (ரலி) அவர்கள் தவ்ராத்தின் ஏடொன்றைக் கொணர்ந்தபோது நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறியதாக வரும் அறிவிப்பைப் பெரியோர் எடுத்துக்காட்டுவர். கெய்ரோவில் வாழ்ந்த இமாம் ஸகாவீ (மறைவு 1497) தவ்ராத்திலிருந்தும் இன்ஜீலிலிருந்தும் மேற்கோள் எடுப்பது விலக்கப்பட்டது என்பதற்கென்றே தனிநூல் யாத்தார். அவர் அதனை எழுதியது அதே நகரில் வாழ்ந்த மற்றோர் ஆலிமுக்கு எதிராக என்பதையும் நாம் அறிதல் வேண்டும். அவர்தாம் இப்ராஹீம் பிகாயீ (மறைவு 1480). குர்ஆனுக்கு அவர் வரைந்த 'நள்முத் துரர்' என்னும் பெரிய தஃப்ஸீரில், நபிமார் வரலாறுகளை விளக்குமிடத்து விவிலியப் பகுதிகளை நீளமாகவே எடுத்தாண்டார். எதிர்ப்பு எழுந்தபோது, தம் செயலை ஆதரித்து அவரும் ஒரு தனிநூல் எழுதினார். அவர்களுக்கும் முற்பட்டவரான ஹன்பலி சட்ட அறிஞர் நஜ்முத்தீன் தூஃபீ (மறைவு 1316) நான்கு சுவிசேஷங்களையும் கையிலெடுத்து அவற்றின் மீது விமரிசனக் குறிப்புரை வரைந்தார். ஆகவே இப்பயிற்சி நேற்று முளைத்த புதுமையன்று. ஐயமும் ஆர்வமும் ஒருங்கே கொண்ட பழைய மரபு அது.

இம்மரபுக்கு அடிப்படையாக ஒரு நபிமொழி இமாம் புகாரீயின் தொகுப்பில் உள்ளது. வேதமுடையோர் தவ்ராத்தை எபிரேய மொழியில் ஓதி, அதன் விளக்கத்தை அரபியில் முஸ்லிம்களுக்கு எடுத்துரைத்து வந்தனர் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். அதைக் கேட்ட பெருமானார், அவர்களை மெய்ப்பிக்கவும் வேண்டாம், பொய்ப்பிக்கவும் வேண்டாம். அல்லாஹ்வையும் அவன் அருளியவற்றையும் நம்புகிறோம் என்று சொல்லுங்கள் எனப் பணித்தார்கள். இங்கே ஒரு நுட்பத்தை நோக்குதல் தகும். அம்மக்கள் செவியுற்றது மூலத்தை மட்டுமன்று. மூலமும் அதற்கான உரையுமாகும். அந்த உரையைக் கேட்கலாகாது என்று தடுக்காமல், கேட்டவுடன் தலையசைத்துவிடுவதையும் கேட்டவுடன் தள்ளிவிடுவதையும் ஒருசேர விலக்கினார்கள் பெருமானார். அவசரத் தீர்ப்பை நிறுத்திவைக்கும் இந்நிலையே உரைநூல் பயில்வோனுக்கு உரிய முதல் ஒழுக்கம் என்று கருதுகிறோம்.

இனி நாம் சொன்ன இருவரைக் காண்போம். முதல்வர் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ (1818–1891). ஜெர்மானியப் பாதிரியார் ஃபாண்டர் 'மீஸானுல் ஹக்' என்னும் நூலால் இஸ்லாத்தின் மீது தொடுத்த தாக்குதல் வடஇந்தியாவெங்கும் பரவியிருந்த காலம் அது. கும்பெனி ஆட்சியின் நிழலில் நின்று பேசியவருக்கு எதிரே, ஆட்சியிழந்த சமுதாயத்தின் குரலாக எழுந்து நின்றார் கைரானவீ. 1854ஆம் ஆண்டு ஏப்ரல் 10, 11 ஆகிய இரு நாட்களில் ஆக்ராவில் அவ்விருவருக்குமிடையே வாதம் நிகழ்ந்தது. கைரானவீக்குத் துணைநின்றவர் ஆங்கிலம் கற்ற மருத்துவர் முஹம்மது வஸீர் கான். ஐரோப்பிய விவிலிய ஆய்வு நூல்கள் அவர் மூலமாகவே நம்மவர் கைக்கு எட்டின. பைபிளின் வாசகம் ஓரெழுத்தும் பிறழாதது என்னும் நிலையில் நின்று பேச முயன்ற பாதிரியார், பிரதியெடுத்தோரால் சில இடங்களில் வேறுபாடுகள் நேர்ந்திருப்பதை அந்த அவையில் ஒப்ப வேண்டியவரானார். 1857க்குப் பின் மக்காவுக்குப் புலம்பெயர்ந்த கைரானவீ, அவ்வாதத்தின் சாரத்தை விரித்து 1864இல் 'இள்ஹாருல் ஹக்' என்னும் அரபு நூலாக எழுதினார். விவிலிய மறுப்பில் அதன்பின் நம்மவர் எழுதிய பலவற்றுக்கும் அதுவே ஊற்றுக்கண்.

இரண்டாமவர் ஸர் ஸையித் அஹ்மத் கான் (1817–1898). கைரானவீ மறுப்பு நூல் எழுதிய அதே ஆண்டுகளில், ஸர் ஸையித் விவிலியத்துக்கு உரையே எழுதத் துணிந்தார். 'தப்யீனுல் கலாம்' என்பது அதன் பெயர். முதற்பகுதி 1862இலும் இரண்டாம் பகுதி 1865இலும் உருதுவும் ஆங்கிலமும் பக்கத்தில் இரு பத்திகளாக அமைய அச்சேறின. முதற்பகுதி முன்னுரை ஆராய்ச்சி. இரண்டாவது ஆதியாகமத்தின் முதல் 11 அதிகாரங்களுக்கு உரை. பின்னர் வந்த மூன்றாவது மத்தேயுவின் முதல் 5 அதிகாரங்களுக்கு உரை. அதற்குமேல் வேலை நடைபெறவில்லை. விவிலிய வாக்கியங்களுக்கு எதிரே குர்ஆன் வசனங்களையும் ஹதீஸ்களையும் நிறுத்தி, ஒப்பும் வேறுபாடும் காட்டிச் செல்கிறார் அவர். வேதமுடையோர் செய்த 'தஹ்ரீஃப்' சொல்லை மாற்றியதன்று, பொருளைத் திரித்ததே என்று நிறுவ, இமாம் புகாரீ, இமாம் ராஸீ, ஷாஹ் வலியுல்லாஹ் ஆகியோரின் கருத்துகளைத் துணைக்கழைக்கிறார். இமாம் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) போன்றோர் சொல்லே மாற்றப்பட்டது என வாதித்ததையும் நாம் இவ்விடத்தில் நினைவிற்கொள்ள வேண்டும். இக்கேள்வியில் நம் இமாம்களிடையே ஒரே குரல் இருந்ததில்லை.

நம் திறனாய்வுக்கு மிகவும் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. இவ்விருவரும் மேற்கோள் காட்டிய உரைத்துணை நூல்களில் ஒன்று இருவருக்கும் பொதுவானது. ஆங்கிலேய அறிஞர் தாமஸ் ஹார்ட்வெல் ஹார்ன் என்பார் 1818இல் வெளியிட்ட விவிலிய ஆய்வு முன்னுரை என்னும் பெருநூலே அது. ஹார்ன் தம் வேதத்தில் உறுதியான பற்றுடையவர். கையெழுத்துப் பிரதிகளின் வேறுபாடுகளையும் முரண்போலத் தோன்றும் இடங்களையும் அவர் தொகுத்தது, அவற்றுக்கு விடை கூறுவதற்காகவே.

கைரானவீ அந்நூலிலிருந்து எடுத்தவை பெரும்பாலும் ஒப்புதல்கள். இன்ன இடத்தில் பிழை நேர்ந்தது, இன்ன வாக்கியம் ஐயத்திற்குரியது என எதிர்த்தரப்பு வாயாலேயே சொல்லவைப்பது அவர் நோக்கம். வாதமன்றத்தில் அது முறையே. எதிரியின் சாட்சியை எதிரிக்கே காட்டுவது நீதிமன்றமும் ஏற்கும் வழி. ஒரு மாற்றமும் நேர்ந்ததில்லை என்று அடித்துப் பேசுவோரை மறுக்க ஒரே ஒரு மாற்றத்தைக் காட்டினாலும் போதும். கைரானவீ பல காட்டினார். அந்த அளவில் அவருடைய வெற்றி மெய்யான வெற்றி. அவருக்கு நம் சமுதாயம் பட்டுள்ள கடன் பெரிது.

ஆயின் வழக்கில் வென்றவரின் வாதக்குறிப்பு பாடநூல் ஆகாது. சாட்சியின் வாக்குமூலத்தில் தமக்கு வேண்டிய வரியை எடுப்பது வழக்குரைஞரின் உரிமை. மாணவனுக்கு அந்த உரிமை இல்லை. 'இள்ஹாருல் ஹக்'கைப் படித்தவர்கள் அதன் வழியே மூல ஆய்வுநூல்களுக்குச் சென்றிருந்தால் நம்மிடையே ஓர் ஆராய்ச்சி மரபு தழைத்திருக்கும். பின்வந்தோரிற் பலர் அந்நூலின் மேற்கோள்களையே மீண்டும் மேற்கோளாக்கினர். அம்மேற்கோள்களின் சுருக்கத்தை மேலும் சுருக்கினர். இறுதியில் அறிஞர் பெயரும் உதிர்ந்து, "அவர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்னும் வாக்கியம் மட்டுமே எஞ்சிற்று.

ஸர் ஸையித் அதே ஹார்னை உடன்வரும் ஆசானைப்போல் நடத்தினார். அவருக்கு ஆங்கிலப் புலமை குறைவு. பிறர் துணையோடுதான் அந்நூல்களின் கருத்துகளைப் பெற்றார். அவ்வாறிருந்தும் ஒரு பகுதியை முழுமையாகப் படித்து, கிறித்தவ உரையாசிரியர் கூறுவதை அவர் கூறுமாறே எடுத்துரைத்து, அதன்பின் தம் கருத்தைச் சொல்லும் ஒழுங்கு அவரிடம் காணப்படுகிறது. இது போற்றத்தக்கது. எனினும் குறையில்லாதவர் என்று அவரைச் சொல்லவும் நமக்கு இயலவில்லை. இரு வேதங்களையும் இணக்கிக் காட்டும் ஆவலில், உண்மையிலேயே பிரிந்து நிற்கும் இடங்களையும் அவர் மெல்லத் தடவி மழுக்கிவிடுகிறார். 1857இன் பேரழிவுக்குப் பின் ஆளுவோருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இருந்த வெறுப்பைக் குறைக்கும் அரசியல் நோக்கமும் அவர் எழுதுகோலை வழிநடத்திற்று. ஒருவர் வேறுபாட்டைப் பெருக்கினார், மற்றவர் குறைத்தார். இரண்டும் உரைநூலுக்கு வெளியேயிருந்து வந்த தேவைகளே.

இவ்வாறாயின் நேரிய வழி யாது? எடுத்துக்காட்டுகளால் விளக்க முயல்வோம்.

மாற்கு சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்களை நோக்குக. மிகப் பழைய பெரும் பிரதிகளான சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அவை இல்லை. 8ஆம் வசனத்தோடு சுவிசேஷம் முடிந்துவிடுகிறது. இன்றைய ஆய்வுரைகளிற் பெரும்பாலானவை இதை வெளிப்படையாகவே கூறுகின்றன. நம் பேச்சாளர் இவ்வளவில் நிறுத்திக்கொள்வார். உரையாசிரியரோ நிறுத்துவதில்லை. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரேனேயுஸ் அப்பகுதியிலிருந்து ஒரு வசனத்தை மாற்கின் வாக்காகவே எடுத்தாண்டிருப்பதையும் அவர் காட்டுவார். ஆகவே அப்பகுதி மாற்கு எழுதியதாக இல்லாமலிருக்கலாம். அதே வேளையில், பிற்காலத்தார் எவரோ நேற்றுச் செருகியதுமன்று. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்வதே உண்மை. ஒன்றை மட்டும் சொல்வது பாதி அளவை.

யோவானின் முதல் நிருபம் 5ஆம் அதிகாரம் 7ஆம் வசனம் மற்றொன்று. வானுலகில் சாட்சி பகரும் மூவரைக் குறிப்பதாகப் பழைய தமிழ் பைபிளில் காணப்படும் தொடர், பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட எராஸ்முஸ் அதனைச் சேர்க்கவில்லை. கண்டனம் எழுந்தபின் 1522ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். தமிழில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அத்தொடரை வாசகத்தில் ஏற்கவில்லை. இங்கே நாம் கண்டுகொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. தம் கொள்கைக்கு ஆதரவாக நின்ற ஒரு தொடரை, சான்று போதாது என்பதற்காகத் தம் வேதநூலிலிருந்து நீக்கியவர்கள் கிறித்தவ ஆய்வாளர்களே. அவர்களுடைய அந்த நேர்மையைப் பாராட்டாமல், அதன் விளைவை மட்டும் நாம் ஆயுதமாக்கிக்கொள்வது பண்பன்று. வேதமுடையோர் அனைவரும் ஒருபடித்தானவர் அல்லர் என்று திருக்குர்ஆன் (3:113) கூறுவதை நாம் ஓதிவருகிறோம் அல்லவா?

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் உள்ளத்துக்கு மிக நெருங்கியது. ஆதலால் மிகுந்த கவனத்தோடு அணுக வேண்டியது. யோவான் சுவிசேஷத்தில் ஈஸா (அலை) அவர்கள் தமக்குப் பின் வரவிருப்பவரைப் பற்றிக் கூறுவதாக வரும் சொல், பழைய தமிழ் பைபிளில் 'தேற்றரவாளன்' என்றும் பொது மொழிபெயர்ப்பில் 'துணையாளர்' என்றும் அமைந்துள்ளது. தமிழ் மட்டும் அறிந்த வாசகர் இவை இரண்டு வேறு சொற்கள் என்றே எண்ணுவார். இரண்டுக்கும் மூலம் 'பராக்லீதோஸ்' என்னும் ஒரே கிரேக்கச் சொல் என்பதையும், அதற்குத் துணைக்கு அழைக்கப்பட்டவர், பரிந்து பேசுபவர், தேற்றுபவர் எனப் பல பொருள் உண்டு என்பதையும் உரைநூலே உணர்த்தும். யோவானின் முதல் நிருபம் 2ஆம் அதிகாரத்தில் அதே சொல் ஈஸா நபியையே குறித்து வருகிறது என்பதையும் அதுவே காட்டும்.

நம் எழுத்தாளர் பலர் இச்சொல் தொடக்கத்தில் 'பெரிக்லுதோஸ்', அதாவது புகழ்பெற்றவர், என்றிருந்து பின்னர் மாற்றப்பட்டது எனக் கூறி, 'அஹ்மத்' என்னும் திருநாமத்தோடு இணைப்பர். இதுவரை கிடைத்துள்ள எந்தக் கிரேக்கப் பிரதியிலும் அப்படியொரு பாடம் இல்லை என்பதை நாம் மறைத்தல் கூடாது. நம் தொடக்ககால வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் இவ்வாதத்தை நாடவேயில்லை என்பது இங்கே அறியத்தக்கது. அவர் யோவானின் பகுதியை எடுத்துக்காட்டுமிடத்து 'முனஹ்ஹமனா' என்னும் சொல்லை ஆள்கிறார். அது பலஸ்தீனக் கிறித்தவர்கள் தம் அரமேயிக் மொழிபெயர்ப்பில் பராக்லீதோஸுக்கு ஈடாக வழங்கிய சொல். தேற்றுபவர் என்பது அதன் பொருள். அதாவது, கிறித்தவர்கள் ஓதிய வாசகத்தை அவர்கள் ஓதியவாறே ஏற்று, அது சுட்டுவது பெருமானாரையே என்று பொருள் கொண்டார் அவர். எழுத்து மாறிற்று என்னும் ஊகம் அவருக்குத் தேவைப்படவில்லை. ஈஸா நபியின் நற்செய்தியை நாம் நம்புவது திருக்குர்ஆன் (61:6) அறிவித்ததனால். கிரேக்க எழுத்தொன்றின் மீது அந்நம்பிக்கை நிற்கவில்லை. உறுதியான தூணுக்கு நைந்த கொம்பை முட்டுக்கொடுப்பவர், தூணின் வலிமையையே ஐயத்துக்குள்ளாக்குகிறார். நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்று அந்தக் கொம்பு ஒடிவதைக் காணும் நாளில், தூணையும் ஐயுறத் தொடங்கினால் அப்பழி யாரைச் சாரும்?

உரைநூல்கள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல என்பதையும் உணர வேண்டும். தபரீயின் தஃப்ஸீர் வேறு, ஸமக்ஷரீயின் தஃப்ஸீர் வேறு, ராஸீயினது வேறு என்பதை நம் மத்ரஸா மாணவரும் அறிவர். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையும் பரிமேலழகர் உரையும் ஒன்றல்ல என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அவ்வாறிருக்க, விவிலிய உரைகளை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டுவது ஏன்? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்தேயு ஹென்றி எழுதிய உரை பக்தி வளர்க்க எழுந்தது. பிரதி வேறுபாடுகளை அதில் தேடுவது வீண். 1895இல் தொடங்கிய சர்வதேச விமரிசன உரைவரிசை மொழியாராய்ச்சியும் பிரதியாராய்ச்சியும் செய்வது. ஆன்மிக ஆறுதலை அதில் தேடுவதும் வீணே. வில்லியம் பார்க்ளேயின் உரைகள் பொதுமக்களுக்காக எளிமையாக எழுதப்பட்டவை. 1968இல் வெளிவந்த ஜெரோம் விவிலிய உரை கத்தோலிக்க அறிஞர்களின் கூட்டு முயற்சி. பக்தியுரையாசிரியர் கூறாது விட்டதை மறைத்தார் என்பதும், விமரிசன உரையாசிரியர் கேள்வி எழுப்பியதை நம்பிக்கை இழந்தார் என்பதும் ஒருபோல அறியாமையே.

இன்னுமோர் எல்லையைத் தெளிவாக்குவோம். ஆய்வுரை நமக்குச் சொல்லக்கூடியது, இந்நூலில் முதலில் எழுதப்பட்டிருந்தது யாது, எழுதியவர் எதைக் கருதினார் என்பதையே. எழுதப்பட்டது இறைவனிடமிருந்து வந்ததா என்னும் கேள்விக்கு விடை கூறுவது அதன் வேலையன்று. ஒரு வாக்கியம் பழைய பிரதியில் இருப்பதனால் அது வஹீ ஆகிவிடாது; எழுத்தர் ஒருவர் பிழைபட எழுதியதனால் நூல் முழுதும் பொய்யாகிவிடாது. ஈஸா நபிக்கு அருளப்பட்ட இன்ஜீல், இன்றுள்ள நான்கு சுவிசேஷங்கள் ஆகிய இரண்டுக்கும் உள்ள உறவு பற்றிய நம் கொள்கை திருக்குர்ஆனிலிருந்து பிறப்பது. பிரதி ஆராய்ச்சி அக்கொள்கையைத் தந்ததுமில்லை; அதனால் அதைப் பறிக்கவும் இயலாது. இந்த எல்லையை அறிந்தவன் அஞ்சாமல் படிப்பான்; அறியாதவன் ஒவ்வொரு பக்கத்திலும் வெற்றியோ தோல்வியோ தேடிக் களைப்பான்.

ஆகவே நம் இல்லங்களில் இப்பயிற்சியை மேற்கொள்ள விரும்பும் இளைஞர்க்கு நாம் கூறுவது சில. முதலில் திருக்குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓதப் பழகுங்கள்; தன் வீட்டின் வாசல் அறியாதவன் அயல்வீட்டுக்கு விருந்து செல்லலாகாது. விவிலியத்தில் ஒரு வசனத்தைப் பற்றிப் பேசுமுன் அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். ஒரே உரையோடு அமையாமல், வெவ்வேறு சபையினர் எழுதிய இரண்டு உரைகளையேனும் ஒப்புநோக்குங்கள். உரையாசிரியர் எழுப்பிய ஐயத்தை எடுத்துரைத்தால் அவர் கூறிய விடையையும் சேர்த்தே எடுத்துரையுங்கள். அவ்விடை போதாதெனின், போதாமையைக் காரணத்தோடு காட்டுங்கள். மொழி கற்கவும் தயங்க வேண்டாம். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பெருமானார் யூதர்களின் எழுத்தைக் கற்கப் பணித்ததும், அவர்கள் சில நாட்களிலேயே கற்றுத் தேர்ந்ததும் நாம் அறிந்த வரலாறே.

கீழ்நாட்டியலார் சிலர் நம் திருமறையைப் பற்றி எழுதும்போது, நம் இமாம்களின் நூல்களிலிருந்து ஒரு வரியைப் பிய்த்தெடுத்து, "முஸ்லிம் அறிஞர்களே ஒப்புகின்றனர்" என்று முழங்குவதைக் கண்டு நாம் மனம் நோகிறோம். ஓதல் முறைகளின் வேறுபாடு பற்றி நம் முன்னோர் திறந்த மனத்தோடு எழுதியவை அவ்வாறு திரிக்கப்படும்போது, முழு நூலையும் படியுங்கள் என்று அவர்களிடம் நியாயம் கேட்கிறோம். பிறரிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்போரைப் பற்றித் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தன் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறது. அது தானியம் அளக்கும் மரக்காலுக்கு மட்டும் சொன்னதென்று கொள்ள வேண்டா. மேற்கோளும் ஓர் அளவையே. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியினின்று பிறழச் செய்யலாகாது (5:8) என்னும் கட்டளை, நூலகத்தில் அமர்ந்திருப்பவனுக்கும் உரியதே.

கைரானவீயின் துணிவும் ஸர் ஸையிதின் பொறுமையும் ஒருவரிடத்தே கூடிய விவிலிய ஆய்வு நூலொன்றைத் தமிழில் காண நாம் விழைகிறோம். மூலமொழி அறிந்து, உரைகளை முழுமையாகப் பயின்று, ஒப்பும் இடத்தில் ஒப்பியும் பிரியும் இடத்தில் பிரிந்தும், அயலார் படித்தாலும் "நாங்கள் சொன்னதைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்" என்று கூறத்தக்கதாய் அந்நூல் அமைய வேண்டும். அதற்குரிய அறிவையும் அமானிதத்தையும் வல்ல அல்லாஹ் நம் இளந்தலைமுறைக்கு அருள்வானாக.